பழைய ஸ்டீல் கிட்டார் தேடி: கலிபோர்னியாவில் ஏழு நாள்

மார்ச் 9, 2024, சனி: ஃபுல்லர்டன்

வாடகைக் காரின் பின் இருக்கையை மடக்கி, டேப் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். கவுண்டரில் இருந்த பையன் சிரித்தான். பெடல் ஸ்டீல் கிட்டாரின் பெட்டி ஒன்று நீளவாக்கில் படுக்காவிட்டால் மற்ற வசதி எதுவும் நமக்கு உதவாது.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் வாசிப்பவர், ஒருவர் சாலிடர் பிடிப்பவர், ஒருவர் பேரம் பேசுபவர். வாங்க வந்தது இரண்டு உருப்படி: மடியில் படுக்கவைத்து, கம்பி மேல் இரும்பு பாரை இழைத்து வாசிக்கும் ஆறு கம்பி லேப் ஸ்டீல் ஒன்று, காலால் பெடலை மிதித்துச் சுருதி மாற்றும் பெடல் ஸ்டீல் ஒன்று. எங்களுக்குள் ஒரே நிபந்தனை, ஏற்கெனவே யாரோ கை வைத்துக் கெடுத்ததாக இருக்க வேண்டும். கைபடாத பழசில் துளை போட மனசு வராது. போட்டால் விலையும் அங்கேயே சரிந்துவிடும். மூல பாகம் பாதி போன பழசு மலிவாகக் கிடைக்கும், நம் இஷ்டத்துக்கு மாற்றவும் செய்யலாம்.

ஃபுல்லர்டன், லியோ ஃபெண்டர் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்ட ஊர். 1945-ல் டாக் காஃப்மனோடு சேர்ந்து ‘கே அண்ட் எஃப்’ என்ற பெயரில் அவர் விற்றது லேப் ஸ்டீலும் அதற்கான ஆம்ப்பும்தான். மார்பில் மாட்டி வாசிக்கும் எலக்ட்ரிக் கிட்டார் 1950-ல்தான் வந்தது. அதுவரை அந்தப் பட்டறைக்கு மடியில் படுக்கிற கிட்டார்தான் சோறு போட்டது. ஊர் மியூசியத்தில் ஃபெண்டருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும்.

அடுத்த தெருவில் பழைய இசைக்கருவிக் கடை. சுவரில் மஞ்சள் முத்துச்சிப்பி ஷீட் ஒட்டிய ஃபெண்டர் சாம்பியன், 750 டாலர். விலை நியாயம்தான். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறியது ஒரு நெடி. கற்பூரமும் புளிப்பும் கலந்த நெடி. அந்த ஷீட் செல்லுலாய்டு. வயதானால் அது சிதைந்து அமில ஆவியைக் கக்கும். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் பல வருடம் கிடந்தால் பிரடைகளும் (கம்பியை முறுக்கும் சாவிகள்) பிரிட்ஜும் பச்சை பூக்கும். இதில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் ஒயர் சுற்றிய காயிலும்) மூடிக்கு அடிப்பக்கம் முழுக்கப் பச்சை. ஓரத்தில் ஷீட் சுருங்கி, மூலையில் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. சிதைய ஆரம்பித்த செல்லுலாய்டை நிறுத்த வழி கிடையாது. உரித்துவிட்டுப் புதுசு ஒட்டலாம், ஆனால் அதற்கு 750 அதிகம். பழைய கிட்டார் வாங்கும்போது முதலில் மூக்கு, பிறகு கண், கடைசியில் காது.

அதே கடையில் இரட்டைக் கழுத்து ஸ்ட்ரிங்மாஸ்டர் ஒன்று, 1,800. 1953-ல் வந்த மாடல். கழுத்துக்கு இரண்டு பிக்கப். ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருப்பதால் சேர்த்து வாசித்தால் இரைச்சல் அடங்கிவிடும். 26, 24½, 22½ அங்குலம் என்று மூன்று கம்பி நீளத்தில் செய்தார்கள். வாங்கும்போது நட்டிலிருந்து (பிரடைப் பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக்கட்டை) 12-வது கோடு வரை அளந்து இரண்டால் பெருக்க வேண்டும். நீளம் தெரியாமல் கம்பி வாங்கினால் நீளமான கழுத்தில் மேல் கம்பி அறுந்துகொண்டே இருக்கும். இது எல்லாமே ஒரிஜினல். அதனாலேயே வைத்துவிட்டோம்.

ராத்திரி பார்க்கிங்கில் நின்ற டாக்கோ வண்டியில் சாப்பாடு. டாக்கோ ஒன்று இரண்டரை டாலர். கம்பியில் சுற்றும் பன்றி இறைச்சியைச் சீவி, உச்சியிலிருந்த அன்னாசியிலும் ஒரு துண்டைச் சீவி, பார்க்காமலே இன்னொரு கையில் பிடிக்கிறார் அந்தத் தம்பி. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

மார்ச் 10, ஞாயிறு: பசடேனா

தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு அமெரிக்காவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தாவும். போன் தானாக மாறிவிட்டது. நாங்கள் நம்பியது அறையிலிருந்த சுவர்க் கடிகாரத்தை. ரோஸ் பௌல் மைதானச் சந்தையும் மாதத்தின் இரண்டாம் ஞாயிறுதான். இரண்டும் ஒரே நாளில் விழுந்ததில், நல்ல சரக்கைக் கூடுதல் காசு கொடுத்து இருட்டிலேயே நுழைந்தவர்கள் அள்ளிப் போன பிறகு, கட்டணம் குறைந்த நேரத்தில் உள்ளே போனோம்.

வெயில் முதுகில் ஏறியது. லெமனேட் 8 டாலர். ஜீன்ஸ், சினிமா போஸ்டர், ஆஸ்பத்திரிக் கட்டில், எல்லாம் இருந்தது. முதல் இரண்டு மணி நேரத்தில் கண்ணில் பட்ட ஸ்டீல் கிட்டார் மூன்று. ஒன்று சுவர் அலங்காரமாக மாறி, பிக்கப் இருந்த இடத்தில் கடிகாரம். ஒன்றுக்குக் கழுத்து முறிந்திருந்தது. மூன்றாவது, சாம்பல் நிற முத்துச்சிப்பி ஷீட் போட்ட சூப்ரோ.

சூப்ரோ என்பது சிகாகோவின் வால்கோ கம்பெனி விற்ற பெயர்களில் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கு வீடு இசை சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் என்று ஏராளமாகச் செய்தார்கள். ஆகவே இன்றும் கிடைக்கிறது. இதன் அழகு பிக்கப்பில் இருக்கிறது. காந்தமும் மூடியும் கம்பிக்கு மேலும் கீழுமாக நிற்க, கம்பி நடுவே புகுந்து போகும். சத்தம் தடித்து, கொஞ்சம் உறுமலோடு வரும். இதே சத்தத்துக்காகத்தான் இன்றைக்கும் ராக் வாசிப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள்.

விற்றவர் தொப்பி போட்ட பெரியவர். “சத்தம் வராது, நான் பொய் சொல்லமாட்டேன்” என்று அவரே முதலில் சொன்னார். 280 கேட்டார். எங்கள் பேரக்காரர் குனிந்து இரண்டு குறையைக் காட்டினார்: ஆறு பிரடையில் இரண்டு வேறு கம்பெனியினுடையவை, பக்கவாட்டில் யாரோ இரண்டாவது ஜாக்குக்குத் துளை போட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். பெரியவர் 220-க்கு இறங்கினார். எங்களுக்கு வேண்டியதும் அந்த இரண்டு குறைகள்தான். காசை எண்ணிய பிறகு, “பெட்டிக்குள் இதுவும் இருந்தது” என்று ஒரு இரும்பு பாரைக் கையில் வைத்தார். கேட்காமலே கொடுத்தார்.

பாரை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடிப் பலகையில் உருட்டினால் சத்தமில்லாமல் ஓட வேண்டும். குரோம் உரிந்து குழி விழுந்திருந்தால் ஒவ்வொரு இழைப்பிலும் கம்பி ‘கிர்’ என்று உராயும், பாலீஷ் போட்டாலும் போகாது. பெரியவர் கொடுத்தது ஓடவில்லை, தத்தியது. ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டோம்.

மார்ச் 11, திங்கள்: சமையலறை மேஜை

வாடகை வீட்டு மேஜையில் துண்டை விரித்து சூப்ரோவைக் குப்புறப் போட்டு நாள் முழுவதும் வேலை. காலையில் டோனட், லாஸ் ஏஞ்சலஸ் முழுக்கப் பார்க்கிற அதே ரோஸ் நிற அட்டைப் பெட்டியில். சர்க்கரைக் கையோடு காயிலைத் தொடக் கூடாது என்று சாலிடர்காரர் எல்லோரையும் கை கழுவ வைத்தார்.

சத்தம் வராத கிட்டாரில் உடனே காயிலைக் குற்றம் சொல்லக் கூடாது. வரிசை இது. முதலில் ஜாக்: பிளக்கைச் செருகினால் உள்ளிருக்கும் நாக்கு அழுத்திப் பிடிக்கிறதா? பெரும்பாலும் அது மலர்ந்து கிடக்கும், மூக்கு இடுக்கியால் ஒரு நெளிப்பு போதும். அடுத்து வால்யூம் பாட், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி: கான்டாக்ட் கிளீனரை ஒரு துளி விட்டு முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்ப வேண்டும். அதன் பிறகு ஒயர்கள்: பழைய துணி உறை ஒயர் உள்ளே அறுந்து வெளியே முழுசாகத் தெரியும், ஆட்டிப் பார்க்க வேண்டும். மூன்றும் சரியென்றால்தான் மல்டிமீட்டரைக் காயிலில் வைப்பது, அதுவும் பாட்டிலிருந்து ஒரு முனையைக் கழற்றிவிட்டு. கழற்றாமல் வைத்தால் மீட்டர் பாட்டையும் சேர்த்து அளந்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

எங்களுக்கு ஜாக் நன்றாக இருந்தது, பாட் நன்றாக இருந்தது. காயில் எதுவும் காட்டவில்லை. ஓப்பன், அதாவது ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

காயில் ஒயர் அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, முனையில். சாதாரண பிக்கப்பில் சுற்றும் 42 கேஜ் ஒயரின் கனம் 0.063 மில்லிமீட்டர், அதாவது தலைமுடிக் கனம். அதைத் தடித்த ஒயரோடு சாலிடர் செய்த இடத்தில் பழைய ஃபிளக்ஸ் (சாலிடர் ஒட்டத் தடவும் பசை) மிச்சமிருந்து, ஈரமும் சேர்ந்து, வருடக்கணக்கில் அரிக்கும். வெளிமுனை அறுந்திருந்தால் அரை மணி நேர வேலை. உள்முனை என்றால் முழுக் காயிலையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்ற வேண்டும். அதிர்ஷ்டம், வெளிமுனையில்தான் பச்சைப் புள்ளி தெரிந்தது.

செய்தது இவ்வளவுதான். மேலே சுற்றிய துணி நாடாவை ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கி உரித்தோம். ஹீட் கன் கூடவே கூடாது. மேலே ஒட்டியிருக்கும் செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு. லென்ஸ் வைத்துப் பார்த்து, பல்குச்சியால் ஒரே ஒரு சுற்றை மட்டும் நெம்பி வெளியே எடுத்தோம். அதன் எனாமலை 600 நம்பர் உப்புத்தாளை மடித்து இரண்டு தடவை இழுத்துச் சுரண்டினோம், மூன்றாவது இழுப்பில் அறுந்துவிடும். புது ஒயரை முதலில் நாடாவால் காயிலோடு கட்டிவிட்டுப் பிறகு சாலிடர், அப்போதுதான் இழுவை மெல்லிய ஒயரில் விழாது. மீட்டர் 6.9 கிலோ ஓம் காட்டியது. மேஜையைச் சுற்றி மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டோம்.

அதே நிமிடம் புகை அலாரம் அலறியது, சாலிடர் புகைக்கு. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்று, தீயணைப்புக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டார். கிட்டாரைக் காட்டியதும் தன் அத்தை இதையே மடியில் வைத்து வாசிப்பார் என்றார். பிறகு ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் மாற்றும் வேலை. துருத்திய இரண்டு பிரடைகளையும் கழற்றினோம். ஒரே தகட்டில் மூன்று மூன்றாக வரும் புதுப் பிரடை வாங்கும்போது தண்டுகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து வாங்க வேண்டும்; பழைய தகட்டுக்கும் இன்று விற்பதற்கும் பல நேரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். பொருந்தவில்லையென்று துளையைப் பெரிதாக்குவது பெரிய பாவம். நாங்கள் தனித்தனிப் பிரடையாகவே போட்டோம். யாரோ போட்ட அந்த ஜாக் துளையில் சின்ன சுவிட்ச் ஒன்றை வைத்து, டோன் பகுதியை முழுக்க வெட்டிவிடும் வழி செய்தோம். பிக்கப் நேராக ஜாக்குக்குப் போகும். சத்தம் ஒரு படி வெளிச்சமாகிறது. புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை.

லேப் ஸ்டீல் நட்டில் எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. சாதாரண கிட்டாரில் கம்பியின் அடிப்பக்கம் ஒரே மட்டமாக இருந்தால் போதும். இதில் கம்பி மேல் உட்காருவது நேரான இரும்பு பார். ஆகவே கம்பிகளின் தலை மட்டமாக இருக்க வேண்டும், அதாவது தடித்த கம்பியின் பள்ளம் ஆழமாகவும், மெல்லிய கம்பியின் பள்ளம் மேலாகவும். மட்டமில்லாவிட்டால் பாரை வைத்ததும் நடுக் கம்பி ஒன்று ‘ஸ்ஸ்’ என்று கூவும். வாசிப்பவர் தன் கையைத்தான் திட்டிக்கொள்வார். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சம் எங்கே புகுகிறதென்று பார்த்து, ஒவ்வொரு பள்ளமாக அராவினோம். ஒன்று அதிகமாக இறங்கிவிட்டது. உலோக நட் என்பதால் பசை வைத்து நிரப்ப முடியாது. அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்து நட்டையே தூக்கிவிட்டு, மற்ற ஐந்தையும் திரும்ப அராவினோம். ஒன்றரை மணி நேரம் போனது.

நட்டிலிருந்து 12-வது கோடு 11½ அங்குலம், ஆக மொத்தம் 23. சி6 சுருதி வைத்தோம்: மேலிருந்து இ, சி, ஏ, ஜி, இ, சி. கம்பியின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 15, 18, 22, 26, 30, 38. முதல் மூன்றும் வெறும் கம்பி, மற்றவை சுற்றியவை. கேட்க, கோட்டுவாத்தியத்துக்கு ஒரு ஹவாய்ச் சட்டை போட்டது மாதிரி.

மார்ச் 12, செவ்வாய்: லாஸ் ஏஞ்சலஸ்

சவுத் வெஸ்டர்ன் அவென்யூவை முழுக்க ஓட்டிப் பார்த்தோம். உலகின் முதல் வெற்றிகரமான எலக்ட்ரிக் கிட்டார் பிறந்த தெரு. 1932-ல் வார்ப்பு அலுமினியத்தில் வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாக, பார்ப்பதற்கு வாணலி மாதிரியே இருந்ததால் ‘ஃப்ரையிங் பேன்’ என்று பெயர் நின்றுவிட்டது. அதுவும் மடியில் வைக்கிற ஸ்டீல் கிட்டார்தான். ரிக்கன்பேக்கர் கம்பெனிக்காக அதை வடிவமைத்த ஜார்ஜ் போஷாம்புக்கு அதன் பேடன்ட் 1937-ல் கிடைத்தது. இப்போது அந்தத் தெருவில் டயர் கடையும் சலூனும். பார்க்க ஒன்றும் இல்லை.

அலுமினியத்தில் ஒரு வம்பு: மேடை விளக்குச் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி நழுவும். அதற்கு மாற்றாகத்தான் 1935-ல் பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் அவர்களுடைய ‘மாடல் பி’ வந்தது. அதில் ஒன்றை ஒரு சேகரிப்பாளர் வீட்டில் பார்த்தோம், 1,900 டாலர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம், அவர் வீட்டிலும் அதுதான் பழக்கமாம். சின்ன கருப்பு உடம்பு, தூக்கினால் கருங்கல் கனம். கம்பி நீளம் 22½ அங்குலம். கம்பிக்கு மேல் வளைந்து நிற்கும் குதிரைலாடக் காந்தத்தின் அகலத்தை அளந்தால் காலம் தெரிந்துவிடும்: போருக்கு முந்தையது ஒன்றரை அங்குலம், பிந்தையது ஒன்றேகால். அகலமானதுக்குத்தான் கிராக்கி.

இதில் மீட்டர் வைத்தால் மற்ற பிக்கப்பைவிட ரொம்பக் குறைவான ஓம் காட்டும். பழுதென்று பயப்பட வேண்டாம். தடித்த ஒயரைக் குறைவான சுற்றாகச் சுற்றிய பிக்கப் அது. ஆனால் ஒன்று: சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் காந்தங்களைக் கழற்றக் கூடாது. காந்தப் பாதை திறந்ததும் பழைய எஃகுக் காந்தம் பலம் இழந்துவிடும், திரும்ப மாட்டினால் பழைய சத்தம் வராது. இதை முன்பு யாரோ கழற்றியிருக்கிறார்கள், ஸ்க்ரூ தலைகள் சிராய்த்திருந்தன. சத்தம் சோம்பலாக இருந்தது. திரும்பக் காந்தமேற்றினால் சரியாகும்தான். கழுத்து உடம்போடு சேரும் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு கோடு வேறு தெரிந்தது. பேக்கலைட் வளையாது, முறுக்கினால் பிளக்கும். அந்த ஸ்க்ரூவைக் கையிறுக்கத்தோடு நிறுத்த வேண்டும். வாசிப்பவருக்கு விட மனமில்லை. மற்ற இருவரும் காரை ஸ்டார்ட் செய்தோம்.

மார்ச் 13, புதன்: பேக்கர்ஸ்ஃபீல்டு

ஐ-5 நெடுஞ்சாலையில் 4,100 அடிக்கு மேல் ஏறி இறங்கும் கணவாயை ‘கிரேப்வைன்’ என்கிறார்கள். உச்சியில் காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளியது. இறங்கினால் சமவெளி, எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் தலையாட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த ஊரின் கூர்மையான கன்ட்ரி இசையில் ஸ்டீல் கிட்டார் ஊசி மாதிரி குத்தும். அதை வாசித்த ரால்ஃப் மூனி வைத்திருந்தது ஃபெண்டர் 1000. 1957-ல் வந்த பெடல் ஸ்டீல், எட்டுக் கம்பிக் கழுத்து இரண்டு. ஒற்றைக் கழுத்துத் தம்பி ஃபெண்டர் 400. நாங்கள் பார்க்க வந்தது தம்பியை.

ஓய்வுபெற்ற ஒருவரின் கராஜ். 1,100 கேட்டார். நாற்காலி போடுமுன் தரையில் அட்டையை விரித்துக் கொடுத்தார். “இதை வாங்க வருகிறவர்கள் மல்லாந்து படுப்பார்கள் என்று தெரியும்” என்றார். பெடல் ஸ்டீலின் உண்மை எல்லாம் வயிற்றுப் பக்கம்தான்.

ஃபெண்டரில் பெடலை மிதித்தால் எஃகு கேபிள், பிரிட்ஜில் கம்பியைப் பிடித்திருக்கும் ‘விரல்’ என்ற சின்ன நெம்பை இழுக்கும். விரல் அசைந்து கம்பியின் சுருதி மாறும். மற்ற கம்பெனிகள் கெட்டித் தண்டு வைத்த இடத்தில் இவர்கள் கேபிள் வைத்தார்கள். நாலு கேபிளில் பிசிறு. ஒன்று அறுந்து அந்த இடத்தில் யாரோ மீன்பிடிக் கம்பியைக் கட்டியிருந்தார்கள். வாசிப்பவர் டியூனரை மாட்டி இரண்டு சோதனை செய்தார். ஒன்று, பெடலை மிதித்து விட்டதும் கம்பி பழைய இடத்துக்கே திரும்புகிறதா? மூன்று கம்பி திரும்பவில்லை, உராய்வு. இரண்டு, இரண்டு பெடலைச் சேர்த்து மிதிக்கும்போது, சம்பந்தமில்லாத கம்பி எவ்வளவு இறங்குகிறது? உடம்பு இழுவையில் கொஞ்சம் வளைவதால் எந்தப் பெடல் ஸ்டீலிலும் இது இருக்கும். ஐந்து சென்டுக்குள் (அரைச் சுருதியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இருந்தது. நல்ல உடம்பு, கெட்ட கேபிள். இதைத்தான் தேடி வந்தோம்.

வால்யூம் பாட்டின் முதுகில் 304 6122. 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி, 61 என்றால் வருடம், 22 என்றால் வாரம். பாட் 1961 மே கடைசி வாக்கில் செய்தது. கிட்டார் அதற்குப் பிறகு. பாட்டையே யாரும் மாற்றவில்லை என்பதற்குப் பழைய சாலிடரின் மங்கலான சாம்பல் நிறம்தான் சாட்சி. புது சாலிடர் பளபளக்கும்.

மீன்பிடிக் கம்பியைக் காட்டி 850-க்கு முடித்தோம். 120 வோல்ட் ஆம்ப் ஒன்றையும் 300-க்குத் தர வந்தார். இரண்டு முனை பிளக், மூடியைத் திறந்தால் மெழுகு வழிந்த கண்டென்சர். அப்படிப்பட்ட ஆம்ப்பில் கம்பிகளை எர்த் செய்த கிட்டாரை மாட்டி ஈரக்கையோடு தொட்டால் அடிக்கும். மூன்று முனை ஒயர், புதுக் கண்டென்சர், போதாததற்கு வோல்டேஜ் இறக்க டிரான்ஸ்ஃபார்மர் என்று கணக்குப் போட்டு, வேண்டாம் என்றோம். அவர் வருத்தப்படவில்லை, இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட் ஒன்றைக் கொடுத்தார், “தூக்கும்போது முதுகு போகும்.”

ராத்திரி பாஸ்க் உணவகம். ஆடு மேய்க்க வந்த பாஸ்க் மக்கள் இந்த ஊரில் விட்டுப்போன பழக்கம்: நீள மேஜை, முன்பின் தெரியாதவர்களோடு தோளுரசி உட்கார வேண்டும், கேட்காமலே வந்துகொண்டிருக்கும். சூப், பீன்ஸ், காரச் சட்னி மாதிரி ஒரு சல்சா, ரொட்டி, ஊறுகாய் போட்ட மாட்டு நாக்கு. இதெல்லாம் வெறும் தொடக்கம் என்று தெரியாமல் வயிற்றை நிரப்பிவிட்டோம், பிறகுதான் கறி வந்தது. எதிரே இருந்த லாரி டிரைவர், “முதல் தடவை எல்லோரும் அப்படித்தான்” என்று நாக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மார்ச் 14, வியாழன்: மோட்டல் அறை எண் 9

மோட்டல்காரரிடம் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்தே வைத்தோம். பிரிட்ஜ் விரல்களைக் கழுவ லைட்டர் ஃப்ளூயிட் வேண்டும், மூடிய அறையில் அது ஆபத்து. அறுபது வருட எண்ணெய் மெழுகாகி விரல்களை ஒட்டிப் பிடித்திருந்தது. சுருதி திரும்பாததற்குக் காரணம் அதுதான். சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலை ஐம்பது தடவை மிதித்து, கருப்பாக வடிவதைத் துணியில் பிடித்து, தெளிவாக வரும்வரை நாலு சுற்று. காய்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய், விரலுக்கு ஒரே துளி. இரண்டு விட்டால் தூசியைக் கூப்பிடும். பலர் கையில் கிடைக்கும் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிடுவார்கள். இன்றைக்கு ஓடும், நாளடைவில் அது பிசினாகித் திரும்பவும் இறுகும்.

கேபிள் காலிப்பரில் 1/16 அங்குலம் காட்டியது. ஹார்டுவேர் கடையில் எவர்சில்வர் கேபிள் அடிக்கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். முனையைப் பிடிக்கும் ஸ்லீவில் கவனம் வேண்டும். எவர்சில்வர் கேபிளுக்குச் செம்பு ஸ்லீவ். அலுமினியம் போட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து அரித்து ஒருநாள் நழுவிவிடும். வெட்டுமுன் வெட்டும் இடத்தில் டேப் சுற்ற வேண்டும், இல்லையென்றால் இழை பிரிந்து ஸ்லீவுக்குள் நுழையாது. இடுக்கியால் நசுக்கிய முதல் முனை இழுத்ததும் கழன்று வந்தது. ஸ்லீவ் நசுக்க அதற்கான கருவிதான் வேண்டும். திரும்பக் கடைக்கு, 32 டாலர். எல்லாக் கேபிளையும் மாட்டிய பின் ஒவ்வொரு பெடலையும் நூறு தடவை மிதித்தோம்; புதுக் கேபிள் நீளும், நீண்ட பிறகு வைக்கிற சுருதிதான் நிற்கும்.

பழைய சுருதியை விட்டுவிட்டு இ9-க்கு மாற்றினோம். பத்துக் கம்பிக்கு உரியதில் மேல் எட்டு: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ. கம்பி 13, 15, 11, 14, 17, 20, 26, 30. முதல் கம்பியைவிட மூன்றாவது மெல்லியது என்பதைப் பார்த்து யாரும் தப்பென்று மாற்றிவிட வேண்டாம். சுருதியில் அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே.

நாலு பெடலுக்கு என்ன கொடுப்பது என்பதில் சாப்பாட்டு நேரம் முழுக்க வாக்குவாதம். இந்தப் பொறியில் ஒரு கம்பிக்கு ஓர் ஏற்றம், ஓர் இறக்கம் என்று திட்டம் போடுவதுதான் பாதுகாப்பு. கடைசியில் நின்றது இது: முதல் பெடல் ஐந்தாவது கம்பியை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு, இரண்டாவது, மூன்றாம் ஆறாம் கம்பிகளை ஏ-க்கு, மூன்றாவது, நாலாவதை எஃப் ஷார்ப்புக்கும் ஐந்தாவதைத் திரும்பவும் சி ஷார்ப்புக்கும், நாலாவது பெடல், நாலாம் எட்டாம் கம்பிகளை டி ஷார்ப்புக்கு இறக்கும். பின்னாள் மாடல்களில் முழங்கால் நெம்புகோல் செய்கிற வேலையை இங்கே பாதம் செய்கிறது. முழங்கால் நெம்புகோல் வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்கு அடிப்பலகையில் நாலு துளை வேண்டும். மற்ற இருவரும் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தோம்.

மார்ச் 15, வெள்ளி: விமான நிலையம்

400-ஐ ஒரே பெட்டியில் போட்டால் 23 கிலோவைத் தாண்டும், தாண்டினால் 100 டாலர். உடம்பு ஒரு பெட்டி, கால்களும் பெடல் தண்டுகளும் துணிகளோடு இன்னொரு பெட்டி. கம்பிகளை முழுக்க அவிழ்க்கக் கூடாது, ஒரு முழுச் சுருதி இறக்கினால் போதும். முழுக்கத் தளர்ந்தால் கேபிள் கொக்கியிலிருந்து விழுந்து உள்ளே சிக்கும். ஒவ்வொரு தண்டிலும் அது எந்தப் பெடலுக்கு என்று டேப் ஒட்டினோம். நீளம் கொஞ்சம் கொஞ்சம் மாறும், கலந்துவிட்டால் ஒரு நாள் போய்விடும். பழைய கிட்டாரில் பிரேசில் ரோஸ்வுட் பலகை இருந்தால் அது 1992 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, காகிதமில்லாமல் எல்லை தாண்ட முடியாது. எங்கள் இரண்டிலும் அந்த மரம் இல்லை. சூப்ரோ கையில் வந்தது.

கவுண்டரில் எடை போட்ட பெண் சூப்ரோவைப் பார்த்து, “யூகுலேலியா?” என்றார். பேரக்காரர் ஆமாம் என்று சொல்லிவிட்டார், விளக்க ஆரம்பித்தால் வரிசை நின்றுவிடும்.

ஊருக்கு வந்து பார்த்தால், பெட்டியைச் சோதனையில் திறந்திருக்கிறார்கள். தண்டுகளில் இருந்த டேப் இரண்டு உரிந்து, துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அளந்து பார்த்து மாட்ட முக்கால் மணி நேரம். பிறகு சுருதி ஏற்றும்போது மூன்றாம் கம்பி அறுந்தது. 11 நம்பர் இன்னும் ஒன்பது இருக்கின்றன.